நிபந்தனை எண் நான்கு

ஒளியுறவுப் பேரவையை யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக அதன் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். என் எழுத்தில் அடித்தல் இருக்காது, திருத்தல் இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கைகட்டி நிற்கும். தப்பே இல்லாத விண்ணப்பத்தை நிராகரிக்க உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

பேரவை எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். ஒளியாவிகள் வெயிலோடு வருகின்றன. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, காலையில் ஜன்னலோரம் நின்று உள்ளங்கையை விரித்தால் ஒன்று வந்து உட்காரும். "யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். யாருக்கு என்று சொன்னால் அவர் நெற்றியில் போய் உட்கார்ந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் கலை. மந்திரம் கிடையாது, தீட்சை கிடையாது. மூக்கு ஒழுகும் குழந்தைகூடச் செய்யும்.

ஒரு கலை இவ்வளவு சுலபமாக இருந்தால் அதற்கு மரியாதை எங்கிருந்து வரும்? அதனால் பேரவை வந்தது. நான்கு வருடப் படிப்பு வந்தது. முதல் வருடம் நிற்கும் முறை, இரண்டாம் வருடம் கை விரித்தலின் வரலாறு, மூன்றாம் வருடம் கை மூடுதல், நான்காம் வருடம் தேர்வு. தேறினால் கால்சுடர். அப்புறம் அரைச்சுடர், முக்கால்சுடர் என்று ஏறி, தலைமுடி எல்லாம் கொட்டியபின் முழுச்சுடர். உரிமம் இல்லாமல் வெயிலில் கை விரித்தால் மூன்று வருடம் சிறை. கொஞ்ச நாளில் ஜனங்கள் கை விரிக்கவே மறந்துபோனார்கள்.

நானும் முதலில் விண்ணப்பதாரராகத்தான் அந்தப் படியேறினேன். என் அக்காவுக்கு நிழல்மெலிவு. அந்த நோய் வந்தால் நிழல் நாளுக்கு நாள் வெளுக்கும், நிழல் விழாத அன்றைக்கு ஆள் இருக்கமாட்டார். ஒரே ஒரு ஒளியாவி நெற்றியில் உட்கார்ந்தால் போதும், குணமாகிவிடும். அக்காவுக்காக நான் போட்ட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வருடா வருடம் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். அக்கா ஆறாவது நாளே போய்விட்டாள். அது வேறு விஷயம்.

இனி கண்ணாடிக்காரர் கதைக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் தொழில். விரல் முழுக்கச் சின்னச் சின்னக் கீறல், சட்டைப் பையில் கண்ணாடி அறுக்கும் வைரமுனை, தோளில் துணிப் பை. கையில் டாக்டர் சீட்டு.

"சார், ஒளியாவி இங்கதான் கேக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எந்த ஜன்னல்ல கேக்கணும்?"

"ஜன்னல்ல எல்லாம் கேக்க முடியாதுங்க. உக்காருங்க. யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு. சட்டைக்குப் பித்தான் தைக்கிற வேலை பாக்குறா. போன வாரம் ஊசியில நூல் கோக்கும்போது, 'என்னங்க, துணி மேல என் கை நிழல் விழமாட்டேங்குதே'ன்னா. ஒல்லியாகணும்னு ஆசைப்பட்டியே, நிழல்ல இருந்து ஆரம்பிச்சிருக்குன்னு கிண்டல் பண்ணேன் சார்." அவர் சீட்டை மேசைமேல் வைத்துத் தடவி நேராக்கினார். "கிண்டல் பண்ணிட்டேன்."

சீட்டில், 'நிழல்மெலிவு. வரும் ஞாயிறு தாண்டாது' என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் எழுத்து எனக்கு எப்போதும் பிடிக்காது. அது மட்டும் தெளிவாக இருந்தது.

மூன்று பிரதிகள் எழுதினேன். நிபந்தனைகளைப் படித்துக் காட்டினேன். முதல் மூன்றுக்கும் தலையாட்டியவர் நான்காவதில் நிமிர்ந்தார். நிபந்தனை எண் நான்கு: முடிவு வரும்வரை நோயாளி இருக்கும் வீட்டின் ஜன்னல்கள் முழுமையாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும், பதிவு பெறாத ஒளி நோயாளிமேல் பட்டால் விண்ணப்பம் ரத்தாகும்.

"ஜன்னலை அடைச்சிட்டா ஒளி எப்படி சார் வரும்?"

"அனுமதி வந்ததும் திறந்துக்கலாம்."

"நான் கண்ணாடிக்காரன் சார். வெளிச்சம் உள்ள வர வைக்கிறதுதான் என் பொழைப்பே."

"பொழைப்பு வேற, விதி வேற. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

போட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் எல்லா ஜன்னலையும் பலகை வைத்து அடித்து, இடுக்கெல்லாம் பசை பூசி அடைத்தாராம். தொழில் தெரிந்த மனிதர், ஊசிமுனை வெளிச்சம்கூட வராதபடி அடைத்திருந்தார். மறுநாள் அதைச் சொன்னபோது நான் அவரைப் பாராட்டினேன். உண்மையாகவே பாராட்டினேன், அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். உடன்வருபவர் என்று எனக்கு ஒரு நிரந்தர அட்டை உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குப் பேரவைக் கட்டடம் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் உள்ளே கும்மிருட்டு. பதிவு பெறாத ஒளி கோப்புகள்மேல் பட்டுவிடக் கூடாது என்று நூற்றுப்பதினெட்டு ஜன்னல்களுக்கும் கறுப்புத் தார் பூசியிருப்பார்கள். அலுவலர்கள் கையில் டார்ச் வைத்துக்கொண்டு நடப்பார்கள். முட்டிக்கொள்ளாமல் இருக்க, பதவியில் சிறியவர் இருமிக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. கால்சுடர்களுக்கு அதனாலேயே தொண்டை எப்போதும் கட்டியிருக்கும்.

கண்ணாடிக்காரர் ஒரு ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். நகத்தால் தட்டினார். "அடப்பாவிங்களா, என்ன அருமையான கண்ணாடி! இதுல எவன் சார் தார் பூசினது?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

கால்சுடர் டார்ச் அடித்து விண்ணப்பத்தைப் பார்த்தார். என் எழுத்தைப் பார்த்து ஒரு மரியாதைச் சிரிப்பு சிரித்தார். "எல்லாம் சரியா இருக்கு. நிழல் மாதிரி எங்க?"

"அது என்னங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நோயாளியோட நிழலைக் காகிதத்துல விழவெச்சு, ஓரத்தைப் பென்சிலால வரைஞ்சு, அதை ஒரு அரைச்சுடர் பாத்து மேலொப்பம் போட்டிருக்கணும்."

"நிழல் விழலைன்னுதானே இங்க வந்திருக்கேன்?"

"விழற அளவுக்கு விழவைங்க. நாங்க ரொம்ப எதிர்பாக்கறதில்ல."

புதன்கிழமை அவர் ஒரு பெரிய பழுப்புத் தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். சுவரில் தாளை ஒட்டி, விளக்குப் போட்டு, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்திருக்கிறார். பென்சில் கோடு பல இடங்களில் நடுங்கியிருந்தது. நிழல் தெரியாத இடத்தில் ஞாபகத்திலிருந்து வரைந்ததாகச் சொன்னார். "படத்தைப் பாத்துட்டு, 'ஏங்க, என் மூக்கு இவ்வளவு பெருசா? இத்தனை வருசம் இதைப் பாத்துட்டா என்கூடக் குடும்பம் நடத்தினீங்க?'ன்னு கேக்குறா சார். குரல் காத்து மாதிரி வருது. ஆனா வாய் மட்டும் குறையல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் அந்தத் தாளாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார்.

அரைச்சுடர் தாளை மேசைமேல் விரித்து, அளவுகோல் வைத்து அளந்தார். நாள் முழுக்க அளந்தார். மூக்குக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. உங்க மனைவிக்குப் போதுமான நிழல் இல்ல."

"ஆமாங்க. அதுதான் நோய்."

"நோய் எதுவா வேணா இருக்கட்டும். தகுதிக்கு நூத்துக்கு எண்பது நிழல் இருக்கணும். இவங்களுக்கு இருபத்தொண்ணுதான் தேறுது. குறைஞ்ச நிழல்காரங்களுக்கு அனுமதி குடுத்து அவங்க பொசுக்குன்னு போயிட்டா, பேரவையோட வெற்றி விகிதம் என்ன ஆகும்? நல்லா நிழல் தேறினதும் கூட்டிட்டு வாங்க. உடனே பண்ணித் தரோம்."

கண்ணாடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. இந்த மாதிரி நேரத்துக்கென்றே 'மேல்முறையீடு' என்று ஒரு படிவம் இருக்கிறது. அதையும் நான் அழகாக எழுதுவேன்.

வியாழக்கிழமை முக்கால்சுடர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வது பெரிய மரியாதை, ஆனால் இருட்டில் நாற்காலி எங்கே என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. நல்ல மனிதர், கனிவாகப் பேசுவார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஒளியாவிகளோட பேசறது சாதாரண விஷயமில்ல. நான் முப்பது வருசமா இந்தக் கலையில இருக்கேன்."

"எத்தனை ஆவிங்ககூடப் பேசியிருக்கீங்க ஐயா?" கண்ணாடிக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"நாங்க ஆவிகளோட பேசறதில்ல. ஆவிகளைப் பத்திப் பேசறோம். ஆவியோட பேசினா அது ஏதாவது செய்யறேன்னு சொல்லிடும். அப்புறம் அதை யாருக்குச் செய்யறது, முதல்ல யாரு, ரெண்டாவது யாரு, எவ்வளவு பொறுப்பு பாருங்க! நாப்பத்தோரு வருசமா ஒரு ஆவிகூட அனுமதி இல்லாம இந்தக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சதில்ல. உலகத்துல வேற எந்த அமைப்பு இப்படிச் சொல்லமுடியும்?"

"அனுமதியோட எத்தனை நுழைஞ்சுதுங்க?"

முக்கால்சுடர் டார்ச்சை அணைத்தார். பேட்டி முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

வெளியே வெயிலில் வந்ததும் கண்ணாடிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். "சார், இன்னைக்குக் காலையில விளக்குக்கு நேரா அவ கையைத் தூக்கிப் பிடிச்சேன். சுவத்துல விரல் அஞ்சும் தனித்தனியாத் தெரியல. ஒரு அழுக்கு மாதிரி இருந்துது. எனக்கு வேற யாரும் இல்ல சார். ஒரே ஒரு தங்கச்சி, அவதான் பக்கத்துல உக்காந்திருக்கா. நான் இங்க வந்து இருட்டுல நாற்காலி தேடிட்டு இருக்கேன். நான் வீட்டுக்குப் போயிடவா? அவ பக்கத்துலயாவது இருக்கேனே."

"போனீங்கன்னா மேல்முறையீடு காலாவதியாயிடும்" என்றேன்.

வெள்ளி முழுக்கக் காத்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம், எதிர்பாராமல் உள்ளேயிருந்து கால்சுடர் ஒருவர் இருமிக்கொண்டே ஓடிவந்தார். "இங்க கண்ணாடிக்காரர் ஒருத்தர் இருக்காராமே? முழுச்சுடர் கூப்பிடறார்!"

கண்ணாடிக்காரர் எழுந்த வேகத்தில் என் மைப் புட்டி கவிழ்ந்தது. நானும் அவரோடு உள்ளே போனேன். பாவம், அனுமதி வந்துவிட்டது என்றே நினைத்தார். விஷயம் அதுவல்ல. இரண்டு நாள் முன்னால் ஒரு புறா வந்து மோதி, முழுச்சுடர் அறை ஜன்னலில் விரிசல் விழுந்திருக்கிறது. தார் உதிர்ந்து, நூல் மாதிரி ஒரு வெளிச்சம் மேசையின்மேல் விழுகிறது. அதற்கு 'ஒளிக்கசிவு' என்று பெயர் வைத்து, மூவர் குழு அமைத்து, அதன்மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காலண்டரையும் தாண்டி ஓரமாக வருகிறதாம். முழுச்சுடர் இரண்டு நாளாக நாற்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திக் குடுத்தா என் மனைவி விண்ணப்பத்துல கையெழுத்துப் போடுவீங்களா ஐயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"முதல்ல அதை அடை. மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றார் முழுச்சுடர், சுவரைப் பார்த்தபடியே.

தார் பூசிய புதுக் கண்ணாடி தயாராக இருந்தது. பழையதை எடுத்துவிட்டுத்தானே புதிதைப் பொருத்த முடியும்? இது முழுச்சுடருக்கோ மூவர் குழுவுக்கோ தோன்றவில்லை. நானும் யோசிக்கவில்லை. கண்ணாடிக்காரர் ஆணிகளை நெம்பி, விரிசல் விட்ட கண்ணாடியைப் பத்திரமாக இறக்கினார். நாற்பத்தோரு வருடத்துக்கு அப்புறம் அந்த அறைக்குள் சாயங்கால வெயில் பளீரென்று வந்து விழுந்தது. தரையில் எவ்வளவு தூசி கிடந்தது என்று எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வெயிலோடு அதுவும் வந்தது.

கட்டைவிரல் நகத்தளவு. கண்ணாடிக்காரர் பழைய கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை உதறித் துடைத்தார், அந்த விரிந்த உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. மூவர் குழுவில் இருந்த முக்கால்சுடர் மேசைக்கு அடியில் போய்விட்டார். முழுச்சுடர் எழுந்து, இரண்டாம் வருடப் பாடத்தில் உள்ள வரவேற்புரையை ஆரம்பித்தார். "ஒளியின் உறவே, உறவின் ஒளியே, நெறி வழுவாப் பேரவையின் சார்பில்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அது குறுக்கிட்டுக் கேட்டது.

"யாருக்கு?"

முழுச்சுடர் திகைத்துப்போனார். "இந்தக் கேள்வி பாடத்துல இல்லையே!" என்றார். பாடப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"என் வீட்டுக்காரிக்கு!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "வீடு இங்கேர்ந்து ரெண்டே தெருதான். வா, நான் கூட்டிட்டுப் போறேன்." உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்துக்கொண்டு, இருட்டு நடைவழியில் ஓடினார். அவர் கையிலிருந்து வந்த வெளிச்சத்தில் பேரவையின் சுவர்களை முதல்தடவையாகப் பார்த்தேன். பின்னால் முழுச்சுடர், "அதை அடைங்கய்யா முதல்ல!" என்று கத்துவதும், யாரோ புதுக் கண்ணாடியைத் தூக்கி ஓட்டையில் சாய்த்து வைக்கும் சத்தமும் கேட்டன.

வாசலில் காவலர் மறித்தார்.

"கையில என்ன?"

"ஒளியாவிங்க. என் மனைவிக்கு. விடுங்க."

காவலர் பதிவேட்டைப் புரட்டினார். நிதானமான ஆள். "உள்ள வந்ததாப் பதிவு இல்லையே. உள்ள வராதது எப்படி வெளிய போகும்? முதல்ல வருகைப் படிவம், அப்புறம் வெளியேறும் படிவம். ரெண்டும் இருந்தா நான் ஏன் தடுக்கப்போறேன்?"

கண்ணாடிக்காரர் என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சார், இவரு ஒரே ஆளு. கதவு பாதி திறந்துதான் இருக்கு. நான் ஓடிடவா?"

அந்த நேரத்தில் நான் 'ஓடு' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் இருபத்திரண்டு வருடம் என் வாயில் வேறு வார்த்தைகளைத்தான் ஊறவைத்திருந்தது.

"வேணாம். பாதியில புடிச்சிட்டா எல்லாம் வீணாயிடும். முறையாப் போயிடலாம். பத்தே நிமிசம், நான் எழுதித் தரேன்."

நம்பினார். என் எழுத்தை நம்பினார்.

வருகைப் படிவம் எடுத்தேன். பெயர்: ஒளியாவி. தந்தை பெயர்: சூரியன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் யோசித்து, 'வானம்' என்று எழுதினேன். வருகையின் நோக்கம் எழுதும்போது, கவிழ்ந்த புட்டியில் மிச்சமிருந்த மை பேனாவிலிருந்து சொட்டி, 'நோக்கம்' என்ற இடத்தில் கறை விழுந்தது. கறை விழுந்த படிவம் செல்லாது. கிழித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மூன்று பிரதிகள், ஒவ்வொன்றும் கையால்.

"சார், மங்குது சார்" என்றார் அவர்.

"இதோ, ரெண்டாவது பிரதி முடியப்போகுது."

"சார், கை குளுகுளுன்னு ஆகுது. பாருங்க சார். அது எதையோ தேடுது."

நான் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வரி கோணலாகிவிடும். மாடியில் புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கடைசி ஆணியை அடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வெயில் தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்தின்மேல் ஏறிவிட்டிருந்தது. மூன்றாவது பிரதியில் கடைசிப் புள்ளி வைத்து, மை உறிஞ்சும் தாளை ஒற்றி எடுத்து, பெருமையோடு நீட்டினேன்.

காவலர் படித்தார். "இவரு எழுதினா தப்பே இருக்காது" என்று மூன்றிலும் முத்திரை குத்தினார். "சரி, போகலாம். கையைக் காட்டுங்க, எண்ணிக்கை சரிபாக்கணும்."

கண்ணாடிக்காரர் கையைப் பிரித்தார். கீறல்களும், கொஞ்சம் கண்ணாடித் தூளும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"எண்ணிக்கை சரியில்லையே" என்றார் காவலர்.

கண்ணாடிக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அங்கேயே என் மேசைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். விரித்த கையை விரித்தபடியே வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். அவர் பின்னாலேயே நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. அவர் கையை மூடவே இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தது அவர் தங்கை. அண்ணன் முகத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே ஒரே அறை. ஐந்து நாளாகக் காற்று வராத அறைக்கு ஒரு வாசனை உண்டு, அது எனக்குத் தெரிந்த வாசனை. கட்டிலில் அவர் மனைவி சாய்ந்திருந்தாள். மேலே குண்டு பல்பு எரிந்தது. கட்டிலின் நிழல் சுவரில் கருக்காக விழுந்தது, தலையணையின் நிழல் விழுந்தது. அவள் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரத்துணி பட்ட மாதிரி லேசாக ஒரு கறை.

"இவருதான் எழுதிக் குடுக்கிறவரு" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஓ, நீங்கதானா அண்ணா?" அவள் குரலைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது. "விண்ணப்பத்தைக் காட்டினாரு. என் பேரை எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க! பாத்ததும் நான் யாரோ பெரிய மனுசின்னு எனக்கே தோணிடுச்சு. அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கேன். என் போட்டோ எதுலயும் நான் நல்லா இருக்கமாட்டேன்."

இருபத்திரண்டு வருடத்தில் எழுதிய எத்தனை பெயர்கள்! அழகாக எழுதினேன், ஒவ்வொன்றையும் அழகாக எழுதிக் கொன்றேன்.

"அந்தப் பலகையை எடுங்க" என்றேன்.

"எதை சார்?"

"ஜன்னல்ல அடிச்சிருக்கிற பலகையை. இப்பவே எடுங்க. விடியறதுக்குள்ள கண்ணாடிகூட இருக்கக்கூடாது."

"நிபந்தனை நாலு சார். விண்ணப்பம் ரத்தாயிடுமே?" அந்த மனிதரின் கண்ணில் இருந்த பயத்தைப் பாருங்கள். அந்தப் பயத்தை வைத்தது நான்.

"ரத்தாகட்டும். அந்த விண்ணப்பத்தை எழுதினவனே சொல்றேன், எடுங்க."

தொழில் தெரிந்தவர் அடைத்தது என்பதால் எடுப்பதற்கு வெகுநேரம் பிடித்தது. மூவரும் பிடுங்கினோம். ஞாயிறு விடிந்தபோது சுவரில் நிழல் அநேகமாக இல்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். கண்ணாடிக்காரர் அவள் காலடியில் உட்கார்ந்து, "இரு, இரு, கொஞ்ச நேரம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். ஒரு படிவமும் இல்லாமல் நான் எதையாவது கேட்டது அதுதான் முதல்தடவை.

வெயில் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி உள்ளே வந்தது. ஒன்று இல்லை, நாலைந்து சேர்ந்தாற்போல நுழைந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அவசர அவசரமாக. ஆறு நாளாகப் பலகைக்கு வெளியே காத்துக்கிடந்தவை மாதிரி. அவர் கை விரிப்பதற்குக்கூடப் பொறுக்காமல் ஒன்று கேட்டது.

"யாருக்கு?"

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது. "எனக்குத்தான். வேற யாருக்கு? வா சீக்கிரம்."

அது அவள் நெற்றியில் போய் உட்கார்ந்தது. பல் துலக்கும் நேரம்கூட ஆகவில்லை. சுவரில் முதலில் மூக்குத்தான் வந்தது. "நான் சொன்னேன்ல, பெருசுதான்" என்றார் அவர். சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். தங்கையும் அழுதாள். கட்டிலில் இருந்தவள் மட்டும் தன் கையைத் தூக்கித் தூக்கிச் சுவரில் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பேரவையிலிருந்து ஆணை வந்தது. 'ஆய்வாளர் ஜன்னல் வழியாகப் பார்வையிட்டதில் நோயாளிக்கு முழு நிழல் உள்ளது உறுதியாகிறது. எனவே அவர் ஒளியாவி பெறத் தகுதியுடையவராகிறார். வரிசை எண் ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு. முறை வரும்வரை நிபந்தனை எண் நான்கு தொடரும்.' கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டு, அதிலேயே ஒரு கண்ணாடித் துண்டைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல தடிமனான தாள் என்றார்.

நான் அன்று மேசை போடவில்லை. கண்ணாடிக்காரரிடம் ஆணி பிடுங்கும் கம்பியை இரவல் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன்.

என் வீட்டு முன்னறை ஜன்னலிலும் பலகை இருக்கிறது. விண்ணப்பம் உயிரோடு இருக்க வேண்டுமே என்று இருபத்திரண்டு வருடமாக அதைத் தொட்டதில்லை. அந்தப் பலகையை அடித்தவன் நான்தான். அடித்த அன்று அக்கா கட்டிலில் படுத்தபடி, "டேய், கொஞ்சம் வெளிச்சம் விடேண்டா" என்றாள். "அனுமதி வரட்டும்க்கா" என்றேன். மூன்றாம் நாளும் கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஆணிகள் துருவேறியிருந்தன. மறுநாள் காலைவரை பிடித்தது. கடைசிப் பலகையை இழுத்ததும் அது கையோடு வந்துவிட்டது, வெயில் அக்காவின் கட்டில்மேல் விழுந்தது. பாய்கூட இல்லாத வெறும் கட்டில்.

சின்ன வயதில் நின்ற மாதிரியே ஜன்னலோரம் நின்று கையை விரித்தேன். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. உடனே வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை, லேசான சூடு மட்டும்.

"யாருக்கு?" என்றது.

வருடத்துக்கு ஒருமுறை மூன்று பிரதிகளில் எழுதிய பெயர், வாய்க்கு வரவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்ததோ என்னவோ, இன்னொரு தடவை பொறுமையாகக் கேட்டது.

"யாருக்கு?"